ஐந்தாவது அட்டை

எங்கள் வீடு இருக்கும் சரிவில் செல்போன் எடுக்காது. செம்மநத்தத்திலிருந்து ஜீப்பில் ஏறி, மேலே மூன்றாவது வளைவுக்கு வந்தால்தான் எடுக்கும். ஏற்காடு போகும் காலை ஜீப் அங்கே இரண்டு நிமிடம் நிற்கும். யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. டிரைவர் ஓரம் கட்டித் தன் போனை எடுப்பார். அடுத்த நொடி எல்லார் சட்டைப் பையிலும் மடியிலும் இருக்கும் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடிக்கும். முந்தின நாளெல்லாம் வந்து காத்துக் கிடந்த செய்திகள் மொத்தமாக வந்து விழும். மழைக்காலத்தில் மூடுபனி ஜீப்புக்குள்ளேயே புகுந்திருக்கும். முகம் தெரியாது, மணிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த வளைவில் நின்று ஆடி மாதம் தொடங்கிக் கார்த்திகை வரை தினமும் ஓர் எண்ணுக்கு அடித்திருக்கிறேன். ஒரு மணி ஒலிக்கும், தானாகவே கட்டாகிவிடும். போனைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஜீப் வேண்டியதில்லை. அதற்காகவே நடந்து ஏறிப் போவேன்.

என் மனைவிக்குக் காசநோய் என்று தெரிந்தது ஆனி மாதக் கடைசியில். சித்திரையில் ஆரம்பித்த இருமல். பனி, தூசி, அடுப்புப் புகை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நாற்பத்தாறு கிலோ இருந்தவள் முப்பத்தெட்டுக்கு வந்த பிறகுதான் சளி பரிசோதனைக்குப் போனோம். நான் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவன். பழைய நாவல்களில் இந்த நோய் வந்தவர்களை மலைக்கு அனுப்புவார்கள்; மலைக்காற்றே மருந்து என்பார்கள். நாங்கள் மலையிலேயே பிறந்தவர்கள். எங்களை எங்கே அனுப்புவார்கள் என்று, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது நினைவிருக்கிறது.

எங்கேயும் அனுப்பவில்லை. ஆறு மாதம் விடாமல் மாத்திரை, அவ்வளவுதான் என்றார் சுகாதார நிலையத்திலிருந்து வந்த பெண். காசநோய்க்காரர்களைக் கவனிக்கவென்றே இருப்பவர், சேலத்துப் பக்கம். ஒரு ஸ்கூட்டியில் எங்கள் பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றுவார். ஆடி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, முதல் அட்டையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். இருபத்தெட்டு நாளுக்கான மாத்திரைகள், நாளுக்கொரு வரிசை, வரிசைக்கு மூன்றாக. அவற்றைச் சுற்றிக் கெட்டி அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. மாத்திரையை அழுத்தினால் பின்பக்க அட்டை கிழியும். கிழிந்த இடத்தில் ஓர் எண் தெரியும். ஒவ்வொரு நாளும் வேறு எண். பதிவு செய்த போனிலிருந்து அதற்கு ஒரு தடவை அடித்தால் போதும், காசு ஆகாது. மாத்திரையை எடுக்காமல் எண் தெரியாது என்பதால், அழைப்பு வந்தால் மாத்திரை உள்ளே போயிற்று என்று அர்த்தம். அவர் பெரிய போன் மாதிரியிருந்த தன் டேப்பைத் திறந்து காட்டினார். நாட்காட்டி மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. அழைப்பு வந்த நாள் பச்சை, வராத நாள் சிவப்பு.

“ஒரு நாள் விட்டாலும் எனக்குத் தெரிஞ்சுரும்க்கா” என்று என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடலாம். பழகிவிட்டால் இந்த மாத்திரை வேலை செய்யாது. வேறு மருந்து, நீண்ட காலம், அதிலும் நிச்சயமில்லை.

எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். அவளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவளுக்கு என் பக்கத்தில் பாய், அம்மாவுக்கு ஜன்னலோரம் தனிக் கட்டில். ஊரில் நெஞ்சுச் சளி என்று சொல்லி வைத்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் லயன் வீடுகளில் சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். எங்களுடையது தனி வீடு என்பதால் தப்பித்தோம்.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலை ஆறரைக்கு அவள் மூன்று மாத்திரைகளையும் எடுத்து விழுங்குவாள்; கிழிந்த இடத்திலுள்ள எண்ணைப் படிப்பாள்; நான் குறித்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடுவேன். என்னிடம் ஒரு நோட்டு உண்டு. எஸ்டேட்டில் நான் ரைட்டர். கூலியாட்களின் வருகையைப் பதியும் செக்ரோல் எழுதுவதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. மழை எத்தனை சென்டிமீட்டர், காப்பி எந்தத் தேதியில் பூத்தது, பனி எத்தனை மணிக்கு விலகியது என்று பல வருடமாக எழுதிவருகிறேன். அதே நோட்டின் பின்பக்கத்தில் மாத்திரைக் கணக்கை ஆரம்பித்தேன். தேதி, எண், அடித்த நேரம், ஒரு டிக்.

ஜீப்பில் என் அழைப்பைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். டிரைவருக்கு வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்க ரைட்டரே, தெனம் ஒரே நேரத்துக்கு யாருக்குங்க மிஸ்டு கால்? ஊட்டுல சொல்லிப் போடட்டுமா?”

“சொல்லுங்க. அவளுக்குத்தான் முதல்லயே தெரியுமே.”

“பாருய்யா, சம்மதம் வாங்கிட்டுத்தான் பண்றாராம்” என்று பின் சீட்டில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோயின் பெயர் வெளியே வராத வரைக்கும் எந்தப் பெயர் வந்தாலும் சரி என்றுதான் இருந்தது.

தப்பு நடந்தது ஆவணி மாதம் இரண்டாம் ஞாயிறு. தப்பு என்று அன்றைக்குத் தெரியாது. பதினோரு நாள் விடாத மழை. எங்கள் வீட்டில் அந்த மாதம் தீப்பெட்டிகூட உரசாது. உப்பு நீராகிவிடும், புத்தகங்கள் உப்பிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டாவது அட்டையின் ஓரம் பசை விட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. விரலால் தொட்டதும் முழுசாகப் பிரிந்து வந்தது. உள்ளே மிச்சமிருந்த நாட்களின் எண்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றிரண்டு ஈரத்தில் ஊறி மங்க ஆரம்பித்திருந்தன.

இன்னும் பத்து நாளில் ஓர் எண்ணும் தெரியாமல் போய்விடும், கட்டங்கள் சிவப்பாகிவிடும் என்று பயந்தேன். உட்கார்ந்து எல்லா எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்து, இரண்டு தடவை சரிபார்த்தேன். அட்டையை மறுபடி ஒட்டி அவளிடம் கொடுத்து, “இனிமே நீ எண்ணு படிக்க வேண்டாம், எங்கிட்டயே இருக்குது” என்றேன். அவளுக்கும் நிம்மதி. வெறும் வயிற்றில் விழுங்கினால் புரட்டுகிறது, ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு மெதுவாகப் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் ஜீப்பைப் பிடியுங்கள் என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாவது அட்டை வந்தபோது மழை வருவதற்கு முன்பே பிளேடால் ஓரத்தைப் பிரித்து எண்களை எழுதிக்கொண்டேன். நான்காவதும் அப்படித்தான். ஐந்தாவதும். முன்னெச்சரிக்கை என்றுதான் நினைத்தேன்.

புரட்டாசி பிறக்கும்போது சளியைப் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. எடை நாற்பத்து மூன்று. மகள் அன்றே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் விரித்தாள். சுகாதாரப் பணியாளர் டேப்பை எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் வைத்தார். மேலிருந்து கீழ் வரை பச்சை. “என் லிஸ்டுல உங்களது மட்டுந்தான் சார் ஒரு சிவப்புகூட இல்லாம இருக்கு” என்றார். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒருவர் பத்து நாளாக அழைக்கவில்லை, தலைச்சோலையில் ஒருவர் போனையே அணைத்து வைத்துவிட்டார், அவர்கள் பின்னால் ஓடவே நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அட்டையை நானே நிலையத்தில் போய் வாங்கிக்கொண்டேன். வராததை அப்போது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் காப்பிப் பழம் பழுத்தது. வீட்டுக்குக் கீழே இருக்கும் எஸ்டேட்டில் பறிக்க ஆள் கூப்பிட்டார்கள். அவளுக்குப் போக ஆசை. ஆறு மாதமாக நாலு சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். முகத்தில் சதை பிடித்திருந்தது, ரத்தம் ஏறியிருந்தது. நானும் தடுக்கவில்லை.

கார்த்திகை இருபதாம் தேதி, வியாழக்கிழமை. ஐந்தாவது அட்டையின் கடைசி நாள். காலையில் கடைசி எண்ணுக்கு அடித்து டிக் போட்டிருந்தேன். மறுநாள் ஆறாவது அட்டை வாங்க வேண்டும். வாங்கும்போது காலி அட்டையைக் காட்ட வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவள் இருமினாள்.

இருமல் யாருக்குத்தான் இல்லை அந்த மாதத்தில்? ஆனால் அதன் முடிவில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது, மூச்சை யாரோ பிடித்து வைத்து விடுவது மாதிரி. வைகாசியில் அதைக் கேட்டுக்கேட்டு எனக்கு மனப்பாடம். ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றேன். மறுபடி இருமினாள். அதே இழுப்பு.

உள்ளே போய், “அந்தக் காலி அட்டையைக் குடு, நாளைக்குக் கொண்டு போவோணும்” என்றேன். எவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக.

“நானே எடுத்தாறனுங்க” என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். போனவள் வரவில்லை. நான் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். துணிப்பெட்டி முன்னால் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்திருந்தாள். எழுந்திருக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மேலே ஐந்து வரிசை காலி. அதற்குக் கீழே மாத்திரைகள் அப்படியே இருந்தன. எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. இருபத்து மூன்று வரிசை.

பழம் பறிக்கப் போன முதல் வாரம், காப்பிச் செடி நிரையில் நின்றுகொண்டிருக்கும்போதே வாந்தி எடுத்திருக்கிறாள். பக்கத்து நிரைப் பெண்கள் பிடித்து உட்காரவைத்து, முழுகாமல் இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். மாத்திரையால் என்று சொன்னால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். ஆமாம் என்கிற மாதிரி சிரித்து வைத்திருக்கிறாள். அவர்கள் புளியங்காய் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் வாந்தி வரக்கூடாது என்று ஒரே ஒரு நாள் விட்டிருக்கிறாள். வாந்தி வரவில்லை. மூட்டு வலியும் குறைந்தது. கிருமிதான் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். இதையெல்லாம் பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?”

“சொல்லோணும்னு ரெண்டு மூணு தடவை வந்தனுங்க. நீங்க சாயங்காலம் வந்ததும் நோட்டைப் பிரிச்சு, இன்னைக்கும் ஆச்சு, இன்னைக்கும் ஆச்சுன்னு நொம்ப சந்தோசமாக் காட்டுவீங்க. அதுல போயி எப்படீங்க சொல்றது?”

எங்கள் தொழிலில் ஒரு குற்றம் உண்டு. வராத ஆளை வந்ததாக எழுதுவது. அதற்காக வேலை போன ரைட்டர்களை எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நான் ஒரு பெயரைக்கூட அப்படி எழுதியதில்லை. இருபத்து மூன்று நாள், என் வீட்டிலேயே, என் கையாலேயே எழுதியிருந்தேன். எண்ணை நான் எழுதிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இரண்டாம் நாளே வளைவில் கையில் எண் இல்லாமல் நின்றிருப்பேன். மூன்றாம் நாள் ஸ்கூட்டி வாசலில் வந்து நின்றிருக்கும்.

மகள் பள்ளிக்கூடத்து ஹோம்வொர்க்கோடு உள்ளே வந்தாள். நான் கேட்ட முதல் கேள்வி எனக்கே வேற்றுக் குரலாக இருந்தது. “கண்ணு, உனக்கு இருமல் இருக்குதா?” இல்லை என்றாள். எதற்கு இரண்டு பேரும் அழுகிறீர்கள் என்று கேட்டாள். அன்றைக்கு அவள் பாயை நான் மறுபடி என் பக்கம் இழுத்துப் போட்டேன். அவள் காரணம் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மனைவியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். முகத்துக்கு மாஸ்க் போட்டு ஓரத்தில் உட்காரவைத்தேன். வளைவில் ஜீப் நின்றது, மணிகள் அடித்தன. எனக்கு அடிக்க எண் எதுவும் இல்லை. “என்னங்க ரைட்டரே, ஊட்டுக்காரம்மா கூட வந்ததும் இன்னைக்குப் போனே வெளிய வரலை” என்றார் டிரைவர். யாரோ சிரித்தார்கள். என் மனைவி தலை குனிந்திருந்தாள்.

அந்த இரண்டு நிமிடத்தில் நான் நினைத்ததை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்? மாத்திரைகளை அழுத்தி எடுத்து எங்காவது புதைத்துவிடலாம் என்று நினைத்தேன். அட்டை காலியாகிவிடும். திரையில் ஏற்கெனவே எல்லாம் பச்சை. ஆறாவது அட்டையை வாங்கி, என் கண் முன்னால் கொடுத்து முடித்துவிட்டால், உலகத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இருமலுக்கு மட்டும் தெரியும். ஜீப் கிளம்பிவிட்டது. அவள் என் கையைப் பிடித்தாள், உள்ளங்கை சுட்டது. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை.

நிலையத்தில் அட்டையையும் நோட்டையும் மேஜைமேல் வைத்தேன். சுகாதாரப் பணியாளர் முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் டேப்பைத் திறந்தார். பச்சை. அட்டையைப் பார்த்தார். மறுபடி டேப்பைப் பார்த்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

“எத்தனை நாள் சார்?”

“இருபத்து மூணுங்க மேடம். அழைப்பெல்லாம் நான்தான்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து, “பச்சையா இருந்ததாலதான் சார் நான் அந்தப் பக்கமே வரலை” என்றார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. அதுவரை இந்த நோய்க்குப் பயப்படாதவர் என்று ஒருவர் இருந்தார். அவரும் இல்லாமல் போனார்.

சளி எடுத்தார்கள். கிருமி இருந்தது. மருந்துக்குப் பழகிவிட்டதா என்று பார்க்க, ஐஸ் பெட்டியில் வைத்துச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மகளுக்கு மறுபடி எக்ஸ்ரே. முடிவு வந்ததும் போனில் சொல்கிறோம் என்றார்கள்.

அந்த நாட்களை நான் குறித்து வைக்கவில்லை. நோட்டைத் திறக்கவே கை வரவில்லை; மழை அளவுகூட அந்த வாரத்துக்கு இல்லை. படித்ததெல்லாம் எதிரியானது. எதையெல்லாம் ஆர்வமாகப் படித்து வைத்திருந்தேனோ அதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது: காது கேளாமல் போனவர்கள், வருடக்கணக்கில் வெவ்வேறு மருந்து தின்றவர்கள், தாயிடமிருந்து வாங்கிக்கொண்ட குழந்தைகள். வீட்டில் மகள் தும்மினால் நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். காலையில் ஜீப் வளைவை நெருங்கும்போதே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். போன்கள் அடிக்க ஆரம்பிக்கும். என்னுடையது அடித்தால் ஏதாவது விளம்பரமாக இருக்கும். அடிக்காவிட்டால் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போயிற்று என்று ஆறுதலாகவும் இருக்கும், தாங்கவும் முடியாது.

ஆறாம் நாள் வளைவில் அழைப்பு வந்தது. பணியாளர் வேகமாகப் பேசினார். மருந்து இன்னும் கேட்கிறது சார், பழகவில்லை என்றார். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். அக்காவுக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. கேட்கிறதா சார், முதல் நாளிலிருந்து. கேட்கிறது என்றேன். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எண்ணுக்கு அடிக்கும் முறையை எங்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக யாராவது ஒருவர் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கியதைப் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வாந்திக்குத் தனி மாத்திரை கொடுத்தார்கள். நான் மானேஜரிடம் சொல்லி, வேலைக்கு வரும் நேரத்தை அரை மணி தள்ளிக்கொண்டேன். காலை ஜீப்பை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனேன்.

முதல் நாள் காலை, சமையலறையில் அவள் மூன்று மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாளை என் பக்கம் தள்ளினாள். பேனா என் கையில் இருந்தது. நான் போடவில்லை. எதற்குப் பேனாவை நிறுத்தியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“வாயைத் தொறந்து காட்டட்டுங்களா?” என்றாள். கேலியா, கோபமா என்று அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை.

வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டும் பேனாவை அப்படியே பிடித்திருந்தேன்.

அவள் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். நான் குனிந்து பார்த்தேன்.